பிளக்குக்குப் புத்தி உண்டு, சீரியல் செட்டுக்கு?

தீபாவளி முடிந்து கார்த்திகை வருவதற்குள் வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு விளக்குத் தோரணம் பற்றித்தான். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

போனில் நேரம் வைத்து இயக்கும் ஸ்மார்ட் பிளக் வாங்கி பால்கனி சீரியல் செட்டை மாட்டினேன். மாலை 6 மணிக்கு பிளக் ஆன் ஆகிறது, போனிலும் காட்டுகிறது. விளக்கு மட்டும் எரிவதில்லை. செட்டோடு வந்த டப்பாவில் பொத்தானை அழுத்தினால்தான் எரிகிறது. பிளக்கை மாற்றித் தரச் சொல்லலாமா? – வாசகர், மதுரை

பிளக் மேல் பழி போடாதீர்கள். அது மின்சாரத்தைக் கொடுக்கும், நிறுத்தும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உங்கள் செட்டின் டப்பாதான், மின்சாரம் போய்த் திரும்பினால் அணைந்தபடியே உட்கார்ந்திருக்கும் ரகம். ரிமோட்டோடு வருகிற செட்டுகளில் இந்தக் குணம் அதிகம். வாங்கும்போதே கடையில் பார்த்துவிடலாம். செட்டை எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். தானாக எரிந்தால் ஸ்மார்ட் பிளக்குக்கு ஆகும். பொத்தானைத் தேட வைத்தால் ஆகாது.

இதை நான் தெரிந்துகொண்டது 1,400 ரூபாய்க்கு ஒரு திரைச்சீலை விளக்கு வாங்கிய பிறகு. அது இப்போது பீரோ மேல் இருக்கிறது. ரிமோட் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

புது ரவுட்டர் போட்டதிலிருந்து பிளக் வை-ஃபையில் சேர மாட்டேன் என்கிறது. நான்கு தடவை ரீசெட் செய்துவிட்டேன். – ஓசூர்

ஐந்தாவது தடவை வேண்டாம். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டர் தரும் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4-ல் சேர்த்துவிட்டு, பிறகு பிளக்கைச் சேருங்கள். பிளக் வந்த அட்டை டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இது போட்டிருக்கும். படிப்பவர்தான் இல்லை.

கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் ஸ்மார்ட் பல்பு போட்டேன். போனில் நேரம் வைத்தால், அம்மா ராத்திரி சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுகிறார். மறுநாள் பல்பு எதற்கும் மசிவதில்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது? – நாகர்கோவில்

அம்மாவுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. படுக்கப் போகும்முன் சுவிட்சை அணைப்பது நாற்பது வருஷப் பழக்கம். அது நல்ல பழக்கமும்கூட. சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பும் செத்த பல்புதான், அதற்கு வை-ஃபை கேட்காது. சாதாரண எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் ஸ்மார்ட் மாட்யூல் வைக்கச் சொல்லுங்கள். சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். சுவிட்ச் பெட்டிக்குள், பல மாட்யூல்களுக்கு வேண்டிய நியூட்ரல் ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் முதலில் பார்க்கட்டும். நீங்களே ஸ்குரூ டிரைவரோடு இறங்க வேண்டாம்.

மொட்டைமாடி முழுக்க 14 செட். எல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஒரே 6 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்கில். மழைக்காக பாக்ஸைப் பாலித்தீன் கவரில் சுற்றியிருக்கிறேன். ஏதோ டிரிப் ஆகிக்கொண்டே இருந்ததால் வீட்டு இ.எல்.சி.பி.யை (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) எடுத்துவிட்டேன். லோடு தாங்குமா? – சென்னை

லோடு தாங்கும், தம்பி. 6 ஆம்ப் என்றால் சுமார் 1,380 வாட். உங்கள் 14 எல்.இ.டி. செட்டும் சேர்ந்து அதில் கால்வாசி வருமா என்பதே சந்தேகம். கடிதத்தில் நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பயப்படத் தேவையில்லை.

ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்றுதான் இ.எல்.சி.பி. விழுந்து விழுந்து சொன்னது. உங்களைக் காப்பாற்றியதற்கு அதைக் கழற்றி வீசியிருக்கிறீர்கள். இன்றே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திரும்பப் போடுங்கள். பிளக்கும் பாக்ஸும் வீட்டுக்குள் வரட்டும், வெளியே விளக்குச் சரம் மட்டும் போகட்டும். சரத்தில் ஐ.பி.65 என்று போட்டிருந்தால் அது மழைக்குத் தாங்கும். ஆனால் பல செட்டுகளில் சரத்துக்குத்தான் அந்த எண், அடாப்டருக்கு ஐ.பி.20, அதாவது தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லை. நானும் ஒரு ஐப்பசியில் 'வாட்டர் புரூஃப்' என்ற ஒரு வார்த்தையை நம்பி அடாப்டரைக் கைப்பிடிச்சுவரில் வைத்தேன். முதல் மழையில் 'டப்' என்றது. பாலித்தீன் சுற்றினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோக்கும், அவ்வளவுதான் பயன்.

கார்த்திகைக்காகக் கடைவீதியில் 6 செட் வாங்கினேன், 2,700 ரூபாய். மூன்றாம் நாளே இரண்டு எரியவில்லை. எடுத்துப் போனால் கடைக்காரர், பில்லின் அடியில் இருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' வரியைக் காட்டி, 'படிச்சுப் பார்த்து வாங்கணும்மா' என்றார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவள் நான். விட்டுவிட வேண்டியதுதானா? – தஞ்சாவூர் வாசகி

விடாதீர்கள் அம்மா. இந்த ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ரப்பர் ஸ்டாம்ப்பாகவும், அச்சடித்தும், கண்ணாடியில் ஒட்டியும், கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே எழுதியும் பார்த்துவிட்டேன். எழுதிவிட்டால் சட்டமாகிவிடும் என்று கடைக்காரரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'முறையற்ற வணிக நடவடிக்கை' என்று ஒரு பட்டியல் உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது அதில் வருகிறது. பில்லில் கால அளவு குறிப்பிட்டிருந்தால் அதற்குள். குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் நீங்கள் கேட்கலாம். நிறம் பிடிக்கவில்லை, மருமகள் வேறு வாங்கிவிட்டாள் என்றால் கடைக்காரர் மறுக்கலாம், அது வேறு. எரியாத விளக்குக்கு அந்த வரி செல்லாது. பில்லே தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். பில்லைப் போட்டோ எடுங்கள், மை மங்கிப்போகும். எரியாத செட்டைச் சொருகி ஒரு வீடியோ எடுங்கள். கடைக்கு நாலு வரியில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து கேளுங்கள். தராவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. பெரும்பாலும் அந்த நாலு வரிக் கடிதத்திலேயே 'உட்காருங்கம்மா, டீ சாப்பிடுறீங்களா' என்று வந்துவிடுவார்கள்.

மீதி நான்கு செட்டின் அட்டை டப்பாவையும் பாருங்கள். எல்.இ.டி. சரவிளக்குக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், 'ஆர்' என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். எண்ணே இல்லை என்றால் கடிதத்தில் அதையும் சேருங்கள்.

நான் மட்டும் யோக்கியனா? 'பில் வேண்டாம்னா 50 ரூபாய் குறைச்சுக்கலாம் சார்' என்றதும் தலையாட்டி வாங்கிய செட் ஒன்று என் வீட்டிலும் உண்டு. எரியாத அன்று யாரிடம் போய் நிற்பது?

அகல் விளக்கையும் ஸ்மார்ட் ஆக்க வழி உண்டா? – கும்பகோணம்

உண்டு. நேரத்துக்கு எண்ணெய் ஊற்றுங்கள்.

இரண்டு வருஷம் முன்பு ஆன்லைனில் வாங்கிய நான்கு ஸ்மார்ட் பிளக்குகள். இப்போது ஆப்பே திறக்கவில்லை, கம்பெனி எண்ணும் வேலை செய்யவில்லை. – கோவை

உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் போனில் தட்டினால் அந்த உத்தரவு எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் சுவருக்கு வருகிறது. சர்வரை மூடினால் பிளக் வெறும் பிளாஸ்டிக். பெரிய கம்பெனியாக இருந்தாலும் காப்பு இல்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் திடீரென்று சர்வரை நிறுத்தியதும் வாடிக்கையாளர்கள் இப்படித்தான் விழித்தார்கள். பிளக்கில் பொத்தான் இருந்தால் கையால் அழுத்திப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை வாங்கினால் 'மேட்டர்' முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அது வீட்டு வை-ஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

கார்த்திகையன்று திருவண்ணாமலை மகாதீபம் ஏற்றும் 6 மணிக்கே எங்கள் வீட்டுத் தோரணமும் எரியவேண்டும். ஸ்மார்ட் பிளக் வேண்டுமா, 24 மணி நேர முள் டைமர் போதுமா? – வேலூர்

டைமர் விலை குறைவு, வை-ஃபை தேவையில்லை. நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். கரண்ட் போனால் அதன் முள்ளும் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் மழை. மூன்று நாளில் கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரம் கரண்ட் இல்லை. தீபத்தன்று தெருவே ஜொலிக்க, எங்கள் வீடு மட்டும் இருட்டு. ராத்திரி பத்தரைக்கு எல்லோரும் தூங்கப் போனபின் பளிச்சென்று எரிந்தது.

ஸ்மார்ட் பிளக்கே வாங்குங்கள். கரண்ட் திரும்பினால் இண்டர்நெட்டைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆப்பில், கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பு என்ற தேர்வு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். கார்த்திகை எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. வருஷா வருஷம் காலண்டரைப் பார்த்து நீங்கள்தான் வைக்கவேண்டும்.