வேலூருக்கு சிகிச்சைக்கு வருகிறோம். லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

அம்மாவையோ அப்பாவையோ சி.எம்.சி. மருத்துவமனையில் காட்ட வருகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நோயாளியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு லாட்ஜ் கவுன்டரில் யாராலும் வாதாட முடியாது. ஊரிலிருந்து கிளம்பும்போதே தயாராகிவிடுங்கள்.

லாட்ஜ்காரரைக் குறை சொல்லவில்லை. போலீஸ் கேட்டால் பதிவேட்டைக் காட்ட வேண்டியவர் அவர்தான். முதலில் வாக்காளர் அட்டையை நீட்டுங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால், ஆதாரை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' எடுங்கள். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டுமே தெரியும். லாட்ஜ் பெயர், தேதி, 'அறை எடுக்க மட்டும்' என்று முகத்துக்கும் எழுத்துக்கும் குறுக்கே பேனாவால் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து மறுநகல் எடுத்துவிடலாம்.

லாட்ஜைவிட எனக்கு பயம் ஜெராக்ஸ் கடைமேல்தான். கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். கணினியில் இறங்கிய கோப்பு, நீங்கள் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தாலும் போகாது. ஆதார் பி.டி.எஃப். கடவுச்சொல்லோ ஆங்கிலப் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தான். அது ஒரு பூட்டா? ஊரிலேயே நம்பிக்கையான இடத்தில் ஐந்தாறு பிரதி எடுத்து வாருங்கள். இங்கே எடுத்தே ஆகவேண்டும் என்றால், சாய்ந்து விழுந்த, மை கசிந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். மிஷின் பக்கத்து அட்டைப்பெட்டியில் கிடக்கும் அந்தத் தாள்தான், பின்பக்கம் வெள்ளை என்று கணக்கெழுதவும் பொட்டலம் கட்டவும் போகிறது.

2022 மே மாதம் ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று யு.ஐ.டி.ஏ.ஐ.யிலிருந்து அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அது இருந்திருந்தால் கவுன்டரில் காட்டவாவது நமக்கு ஒரு காகிதம் இருந்திருக்கும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசே விலக்கு தரலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனசு கொதிக்கிறது.

கடைசியாக, ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டுங்கள். உங்கள் ரேகையைப் போலியாக வைத்து வங்கிக் கணக்கில் பணம் எடுக்க முடியாது. ஓ.டி.பி. வரும் மொபைலை வீட்டில் விட்டு வராதீர்கள். பூட்டியபின் ரேஷன் கடையில் ரேகை ஏறாது, 330 என்று பிழை காட்டும். அப்போது தளத்தில் தற்காலிகமாகத் திறந்துவிட்டு விரலை வையுங்கள். அதே தளத்தில் கடந்த 6 மாதம் ஆதார் எங்கே பயன்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. தெரியாத பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947-ஐ அழையுங்கள். பணமே போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்றப் புகார் எண் 1930.