பத்து டெசிபெல்லுக்கு 5,800 வெள்ளியா?

கேள்வி: வயது 46. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு, 11வது மாடி. அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது. 100 வாட் டிரான்சீவர் (சிக்னலை அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி), பால்கனியில் ஒரு மேக்னடிக் லூப் (வளைய வடிவ) ஆன்டெனா. ஐரோப்பாவுடன் பேச முயன்றால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அனுப்பும் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் வாங்க வெளிநாட்டுக் கடைகளில் விலை கேட்டேன். 500 வாட் 3,200 வெள்ளி, 1,000 வாட் 5,800 வெள்ளி. வங்கியில் 14,000 வெள்ளி சேமிப்பு, மாதச் செலவு 3,500. மகள் அடுத்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறாள். கடன்பற்று அட்டையில் தவணை போட்டுப் பெரியதையே வாங்கிவிடலாமா?

பதில்: 1,000 வாட் வேண்டாம். 500 வாட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

வாட்டைப் பார்த்து விலை போடாதீர்கள், டெசிபெல்லைப் பாருங்கள். சிக்னல் எத்தனை மடங்கு வலுக்கிறது என்பதை அளக்கும் அலகு அது. 100 வாட்டிலிருந்து 500க்குப் போனால் கிடைப்பது 7 டெசிபெல். ஒரு டெசிபெல் சுமார் 457 வெள்ளி. 500ஐ 1,000 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபெல்தான், அதற்கு 2,600 வெள்ளி. டெசிபெல்லுக்கு 867! எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டரில் (சிக்னல் வலுவைக் காட்டும் மானி) ஒரு எஸ் என்பது 6 டெசிபெல். அதாவது அந்த 2,600 வெள்ளியில் முள் அரை எஸ் நகரும். அவர் கவனிப்பாரா என்பதே சந்தேகம்.

அப்புறம், 5,800 என்பது ஆரம்பம்தான். இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அதுவே 522 வெள்ளி. அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். அதைவிடப் பெரிய செலவு உங்கள் பால்கனியில் இருக்கிறது. மேக்னடிக் லூப்பின் கெப்பாசிட்டரில் 100 வாட்டிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். சக்தி பத்து மடங்கானால் வோல்ட்டேஜ் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். 100 வாட்டுக்குச் செய்த லூப் அதைத் தாங்காது, தீப்பொறி பறக்கும். ஆக ஆன்டெனாவையும் மாற்ற வேண்டும். மின்காந்தப் புலம் வலுவாக இருக்கும் அந்த இடத்துக்கு இரண்டெட்டு தள்ளித்தான் வீட்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டுவிட்டால் அது தனிக் கதை. மின்கட்டணத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம், விட்டுவிட்டுப் பேசுவதற்கு அது சில்லறைக் காசுதான். உங்கள் உரிமத்தில் அனுமதித்த உச்ச வாட் எவ்வளவு என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். அதைத் தாண்டினால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பியர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா? கேட்கிறது, அவர்களுக்குத்தான் நீங்கள் கேட்கவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு நியாயம் உண்டு. உங்களுக்கே கேட்கவில்லை என்றால் எத்தனை வாட் போட்டும் பயனில்லை, ஆம்ப்ளிஃபையர் அனுப்புவதற்கு மட்டுமே உதவும். அடுக்குமாடியில் எல்இடி விளக்கு, சார்ஜர், வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்து இரைச்சல் போடும். டிரான்சீவரைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சில பத்து வெள்ளிக்கு, இரைச்சலை அடக்கும் ஃபெர்ரைட் வளையங்கள் வாங்கி ஒயர்களில் மாட்டிப் பார்க்கலாம். சிம் லிம் டவரில் தேடிப் பாருங்கள்.

செலவில்லாத சோதனை இன்னொன்று: எஃப்டி8, கணினி வழியாக வானொலியில் குறுஞ்செய்தி அனுப்பும் முறை. இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் கொண்டுவந்தது. குரல் காதில் விழாத அளவு பலவீனமான சிக்னலையும் அது பிடித்துவிடும். ஒரு மாதம் அனுப்பிப் பார்த்து, பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையத்தளத்தில் எந்த ஊரில், எத்தனை மணிக்கு உங்களைக் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கான நேரம் தவறாக இருந்ததுதான் காரணம் என்று கூடத் தெரியவரலாம்.

வெளியே நீட்டி நல்ல ஆன்டெனா போட முடிந்தால் பணத்தை அதில் போடுங்கள். அது அனுப்பவும் உதவும், கேட்கவும் உதவும். நகர மன்றத்திடம் அனுமதி கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

சரி, பணக் கணக்கு. 14,000 என்பது உங்கள் வீட்டுக்கு நான்கு மாதச் செலவு. 5,800ம் வரியும் போனால் மிஞ்சுவது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். மகள் படிக்கப் போகும் ஆண்டில் இது மிகக் குறைவு. முதலில் ஆறு மாதச் செலவுக்கு, 21,000 வரை, சேமிப்பைக் கொண்டுபோங்கள். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் 500 வெள்ளியிலிருந்து போடலாம், எந்த மாதமும் திரும்பப் பெறலாம். வானொலிக்கென்று மாதம் 150 வெள்ளி தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அவசரச் சேமிப்பைத் தொடாமல் இரண்டு ஆண்டில் 3,600 சேர்ந்துவிடும். தவணைத் திட்டத்தைத் தொடவே வேண்டாம். வட்டியில்லை என்பார்கள், ஆனால் அட்டைப் பாக்கி ஒரு மாதம் தவறினால் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி விழும்.

அப்போதும் ஆசை இருந்தால், ஐரோப்பியரை நீங்கள் கேட்பதும் உறுதியானால், 500 வாட்டைக் கைக்காசு கொடுத்து வாங்குங்கள். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. பணம் கொடுக்கும் முன் டம்மி லோடில் (சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) முழு சக்தியில் ஓடவிட்டு, மீட்டரில் வாட்டைப் பார்த்துவிடுங்கள்.