படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் இல்லை: வாசகர் கேள்வி - பதில்

கூடப்பிறந்தவர்கள் தங்களை ஒதுக்குவதாக எழுதியவர்களின் கடிதங்களில் ஐந்துக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். நான் மூன்றாவது. அண்ணன், அக்கா, தங்கை மூவரும் குடும்பத்தோடு மூன்று நாள் சுற்றுலா போய்வந்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "உனக்கு லீவு கிடைக்காதுன்னு நினைச்சோம்" என்றார்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. போன் செய்தால் நன்றாகத்தான் பேசுகிறார்கள். 44 வயதில் இதற்குப் போய் அழுகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சமே வேண்டாம். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். சில சுற்றுக்குப் பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள் மட்டுமே எறிந்துகொள்வார்கள், மூன்றாமவருக்குப் பந்து வராது. முகமே தெரியாத ஆட்கள், பரிசும் இல்லாத ஆட்டம். அப்படியும் சில நிமிடங்களில் அவருக்கு மனசு சுருங்கிப் போகிறது. எதிரே இருப்பது மனிதர்கள் இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னாலும் அதே கதைதான். 2003-இல் இதே ஆட்டத்தை மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே விளையாட வைத்தபோது, உடம்பு வலிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று ஒதுக்கப்படும்போதும் வேலை செய்வது தெரிந்தது. முகம் தெரியாதவர் பந்து போடாததற்கே இப்படி என்றால், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதற்கு அழுகை வருவதில் என்ன ஆச்சரியம்?

சண்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால், அவர்கள் உங்களை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்ற எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு பயணத் திட்டம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நான்கு பேருக்கும் அழைப்பு அனுப்பி யாரும் ஆரம்பிப்பதில்லை. அக்காவும் தங்கையும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது "எங்கேயாவது போவோமா" என்று பேச்சு வருகிறது. அந்த வாரமே அண்ணன் தற்செயலாகப் போன் செய்கிறார், அவரிடமும் சொல்கிறார்கள். தேதி முடிவாகிறது, அறை எடுத்தாகிறது. அதன்பிறகு யாராவது ஒருவர் "அவகிட்ட சொன்னோமா?" என்று கேட்கிறார். இப்போது சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற தயக்கம் மூவருக்கும் வருகிறது. அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் தேடிக்கொண்ட சமாதானம்தான் "லீவு கிடைக்காது". அடிக்கடி பேசுகிறவர்கள் வழியாகத்தான் சேதி ஓடும். நீங்கள் அந்தப் பாதையிலிருந்து எப்போதோ கொஞ்சம் விலகியிருக்கிறீர்கள்.

எங்கே விலகினீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். கடந்த 12 மாதத்தில் நடந்த சந்திப்பு, பயணம், விசேஷம், முடிவு எல்லாவற்றையும் முதல் பத்தியில் எழுதுங்கள். யார் அந்தப் பேச்சை ஆரம்பித்தார் என்பது இரண்டாவது. உங்களுக்கு எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பது மூன்றாவது. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மூவரில் யாரிடம் எத்தனை தடவை பேசினீர்கள் என்பது நான்காவது. நான்காவது பத்தியை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். நொந்த மனசு விடுபட்டதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும். அவர்கள் கூப்பிட்டு நீங்கள் "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவற்றையும் சேருங்கள். இரண்டு மூன்று தடவை "பார்க்கிறேன்" கேட்டவர்கள் நான்காவது தடவை கேட்பதையே விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அதில் வன்மம் இருக்காது.

தாள் நிரம்பியதும் இரண்டாவது பத்தியைப் பாருங்கள். பல வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்தான் அங்கே வரும். பேச வேண்டியது அவரிடம்தான். மூவரையும் உட்காரவைத்துக் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். படத்தைப் பார்த்த அதே வாரத்தில் வேண்டாம், ஒரு பத்து நாள் போகட்டும். ஆறு மாதம் உள்ளேயே வைத்திருக்கவும் வேண்டாம், அப்போது அது பழைய கணக்கைக் கிளறுவதாகத் தோன்றும். எழுத்தில் குரல் தெரியாது, அதனால் போனில் பேசுங்கள். அந்தப் பெயர் அக்கா என்று வைத்துக்கொள்வோம்:

"அக்கா, ஸ்டேட்டஸ்ல படம் பார்த்தேன். எனக்குத் தெரியாமப் போச்சேன்னு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த தடவை தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. லீவு கிடைக்குமா கிடைக்காதான்னு நானே சொல்றேன்."

அவ்வளவு போதும். இதில் முக்கியமான வேலையைச் செய்வது கடைசி வாக்கியம். உங்கள் சார்பில் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த முடிவை அது உங்கள் கைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. "எப்பவுமே இப்படித்தான் பண்றீங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "எப்பவுமே" என்றதும் எதிரே இருப்பவர் "போன வருஷம் கூப்பிட்டோமே, நீதான் வரல" என்று ஒரு சாட்சியைக் கொண்டுவருவார். அதற்குப் பிறகு உங்கள் வருத்தத்தை யாரும் பேச மாட்டார்கள், எந்த வருஷம் எந்த மாதம் என்ற வழக்குதான் நடக்கும். அக்கா மன்னிப்புக் கேட்கலாம், ஏதாவது சாக்கும் சொல்லலாம். இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டு "சரிக்கா, அடுத்த தடவை மறந்துடாத" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் பாதையைத் திறந்து வைக்கும் வேலை. வாரம் ஒருவர் என்று சுற்றில் மூவருக்கும் போன் செய்யுங்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும். பத்து நிமிடம், காரணம் எதுவும் இல்லாமல். போன தடவை அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை, மகளின் தேர்வோ முழங்கால் வலியோ, ஞாபகம் வைத்து விசாரியுங்கள். இதற்கு நடுவில் நீங்களே ஒரு சின்னச் சந்திப்பைக் கூட்டுங்கள். "ஒரு நாள் எல்லாரும் பார்க்கணும்" என்பது கணக்கில் சேராது. நாள், நேரம், இடம் மூன்றும் சொல்லி, இரண்டு மணி நேரம் என்று முடிவையும் சொல்லி அழையுங்கள். மூவரில் ஒருவர் வந்தாலும் நடத்துங்கள். எல்லோருக்கும் தோதான நாளைத் தேடினால் அது நடக்கவே நடக்காது. இப்படி ஆறு மாதம் செய்துவிட்டு அதே தாளை மறுபடி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதே மாதிரிப் பிரச்சினையில் நான் அவசரப்பட்டுக் குடும்ப குரூப்பில் நீளமாக எழுதிவிட்டேன். எல்லோரும் படித்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. நாலு நாளாக குரூப்பே செத்துக் கிடக்கிறது. குரூப்பை விட்டு வெளியேறிவிடட்டுமா?

பதில்: வெளியேறாதீர்கள். நீங்கள் வெளியேறியது குரூப் அட்மினுக்குத் தெரிந்துவிடும், திரும்பி வர இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். சத்தம் தாங்கவில்லை என்றால் மியூட் செய்துகொள்ளுங்கள்.

பதில் வராததற்குக் காரணம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குரூப்பில் ஒருவர் உங்களுக்கு ஆறுதல் சொன்னால் மற்றவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகும், மறுத்தால் உங்களோடு சண்டை. எது எழுதினாலும் கட்சி சேர்ந்தது போலத் தெரியும் என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். எழுதியதை இப்போது அழிக்கவும் வேண்டாம், விளக்கமாக இன்னொன்று எழுதவும் வேண்டாம். ஒரே ஒரு செய்தி போடுங்கள்: "அன்னைக்குக் கோபத்துல எழுதிட்டேன். எழுதின விதம் தப்பு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுறேன்." எழுதிய விதம் தப்பு என்றுதான் சொல்கிறீர்கள், வருத்தப்பட்டது தப்பு என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். உங்கள் செய்தியில் யாரை அதிகம் தாக்கியிருந்தீர்களோ, அவருக்கு முதல் போன்.

கேள்வி: நான் கடைசிப் பையன், வயது 36. அப்பாவுக்கு என்ன சிகிச்சை, அம்மா யார் வீட்டில் இருப்பது என்று எல்லாவற்றையும் அண்ணனும் அக்காவும் பேசி முடித்துவிடுகிறார்கள். என் பங்குப் பணம் எவ்வளவு என்பது மட்டும் எனக்கு வருகிறது. கேட்டால் "உனக்கு எதுக்குடா கவலை, நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார்கள்.

பதில்: அவர்கள் கண்ணில் உங்களுக்கு இன்னும் பத்து வயது. "என்னையும் மதியுங்கள்" என்று கேட்டு அதை மாற்ற முடியாது, ஒரு வேலையை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் மாறும். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அண்ணே, அப்பாவோட மாத்திரை, டாக்டர் தேதி, ரிப்போர்ட் எல்லாத்தையும் இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லலாம். பிறகு ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, வேளை, எழுதிக்கொடுத்த டாக்டர், தீரும் தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி மூவர் போனிலும் இருக்கும்படி செய்யுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகுமுன் "என்ன கேட்கணும்?" என்று இருவரிடமும் கேளுங்கள், வந்த அன்றே நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். விவரம் உங்கள் கையில் இருந்தால், உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க அவர்களுக்கே முடியாது.

பணத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மாதம் ஒரு முறை, நாளும் நேரமும் குறித்து, மூவரும் அரை மணி நேரம் பேசுங்கள். எவ்வளவுக்கு மேற்பட்ட செலவென்றால் முன்கூட்டியே மூவருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு வரம்பை நீங்கள் மூவருமே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு விதிவிலக்கு வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் முடிவெடுக்கட்டும், மற்றவர்களுக்கு அன்றைக்கே தெரிவித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும் ராத்திரி எழுந்து பார்ப்பதும் அண்ணன் வீட்டில் என்றால், தினசரி விஷயங்களில் அவர்கள் சொல்லுக்குக் கனம் அதிகம் இருப்பது நியாயம்தான். தூரத்திலிருந்து யோசனை மட்டும் சொல்கிற தம்பியைக் கண்டால் யாருக்கும் எரிச்சல் வரும். மாதத்தில் இரண்டு நாளாவது அந்த வேலையை நேரில் போய்ச் செய்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி இல்லை. அண்ணிதான் பிரிக்கிறார் என்று அம்மா சொல்கிறார். அண்ணி என்னைப் பற்றி என்னென்ன பேசினார் என்பதையும் அம்மாதான் வந்து சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: முதலில், அம்மா வழியாக வருகிற சேதியை நிறுத்துங்கள். இரண்டு பேருக்குள் இறுக்கம் ஏறும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். மரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தன் பாரத்தை உங்களிடம் இறக்கிவைக்கிறார். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, நீங்களும் அண்ணனும் நேரில் பேசுவது குறைந்துகொண்டே போகும். "அம்மா, அதை அண்ணன்கிட்டயே கேட்டுக்கிறேன், நீ எப்படி இருக்க, அதைச் சொல்லு" என்று ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையில் சொல்லுங்கள். முதல் சில தடவை அம்மா கோபித்துக்கொள்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியைப் பொறுத்தவரை, பல வீடுகளில் யாரைக் கூப்பிடுவது, எப்போது போவது என்ற நாட்காட்டி வேலை மருமகள் தலையில்தான் விழுகிறது. அண்ணன் மறந்ததற்கும் பழி அவர் மேல் வருகிறது. அண்ணியிடம் நேராகப் போனில் பேசும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இல்லை என்றால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: இரண்டு வருஷமாக எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அக்காவும் தம்பியும் போனை எடுப்பதில்லை, செய்திக்குப் பதில் இல்லை. தம்பி மகள் பிறந்தநாளுக்கு உறவில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு என்னை மட்டும் விட்டிருக்கிறார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களுக்கு நேர்ந்தது மறதி இல்லை. நேராகக் கேட்டும் பதில் இல்லை, உறவு முழுக்க அழைத்துவிட்டு உங்களை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு வருஷமாக. இது தெரிந்து செய்வது. முதல் கேள்விக்குச் சொன்ன வழிகளை இங்கே தொடர்ந்தால் உங்களுக்குத்தான் காயம். வாராவாரம் கூப்பிடுவதை நிறுத்துங்கள்.

நிறுத்துமுன் ஒரே ஒரு செய்தி, இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்: "நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா சொல்லு, கேட்டுக்கிறேன். இனிமே நான் தொந்தரவு பண்ணல. எப்பப் பேசணும்னு தோணினாலும் கூப்பிடு." பிறந்தநாள், விசேஷ நாட்களில் இதை அனுப்பாதீர்கள், அவர்கள் நாளைக் கெடுத்ததாக ஆகும். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பத்து நாள் கழித்து "பார்த்தியா?" என்று கேட்டால் அந்தச் செய்திக்கு மதிப்பில்லாமல் போய்விடும். சொத்து, பெற்றோர் பராமரிப்பு என்று பேசியே ஆக வேண்டியவை இருந்தால் எழுத்தில், அந்த விஷயத்தை மட்டும் எழுதுங்கள். தம்பி மகளோடு தனியாகப் பாசம் இருந்தால் அது இருக்கட்டும், அந்தப் பிள்ளையிடம் தூது மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

உள்ளே கிடப்பதை இறக்க எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் பின்பற்றிய முறை எளிது. தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல், மனசை உறுத்துவதை நடந்ததோடும் உணர்ந்ததோடும் சேர்த்து எழுதுவது. எழுதி முடித்தவுடன் மனசு இன்னும் கனத்துப் போகலாம், அந்த ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. பயந்து பாதியில் விட வேண்டாம். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் எழுதாதீர்கள், தூக்கம் கெடும். எழுதியதை யாருக்கும் அனுப்பாதீர்கள், குறிப்பாக அக்காவுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது, எப்போதிலிருந்து, என்னென்ன, யாரோடு என்று அரைப் பக்கம் குறித்து எடுத்துப் போங்கள். அழுகை வந்து பேச முடியாமல் போனாலும் அந்தத் தாளை அவரிடம் நீட்டலாம்.