மாயமற்ற சிநேகம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஒரு சகோதரி, என் மகளின் திருமணம் தள்ளிப்போனதைப் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் இல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் "ஸ்தோத்திரம் அக்கா" என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், உள்ளே எரிகிறது. வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது இருக்கும் உண்மை அங்கே இல்லை. பேசாமல் வீட்டிலேயே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்ளலாமா? என் ஆவிக்குரிய வளர்ச்சி அதனால் குறையுமா?

எஸ்.

அன்புள்ள சகோதரி,

அந்தச் சிரிப்பு உங்களைச் சுடுவதை நல்ல அடையாளமாகவே நினைக்கிறேன். பழகிப்போனவர்களுக்குச் சுடாது.

'உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக' என்று பவுல் ரோமருக்கு எழுதினார். நம் வேதாகமத்தில் இயேசு பரிசேயரை 'மாயக்காரர்' என்கிறாரே, அதே மாயம்தான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மேடையில் நடிப்பவர் என்று பொருள். ஆனால் அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள். அடுத்து வருவது, 'தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்.' அன்பாக இருப்பதென்றால் புறங்கூறியதை நன்மை என்று பூசி மெழுகுவது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? மத்தேயு 18இல் இயேசு காட்டும் வழி நேரானது: உனக்குக் குற்றம் செய்தவனிடம் போ, நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது சொல். நாமோ அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.

வீட்டிலிருந்தே ஆராதிப்பது பற்றி. உடம்புக்கு முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் காரணம் வேறு. 2 பேதுரு முதல் அதிகாரத்தில் பேதுரு விசுவாசத்தில் தொடங்கி ஒன்றோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகிறார். தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை என்று வந்து, ஆறாவதாகத் தேவபக்தியைச் சொல்கிறார். எனக்கு அது கடைசியில் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதற்குப் பிறகுதான் சகோதர சிநேகம், அதன்பின் அன்பு. உங்கள் ஜெப அறையின் உண்மையோடு இனிக் கூட்டவேண்டியது எது என்று பாருங்கள். அதைக் கூட்ட இன்னொரு ஆள் வேண்டும், பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத ஆள்.

ஆதி சபைக்கும் இது எளிதாக இருக்கவில்லை. கொரிந்துவில் கர்த்தருடைய பந்திக்குக் கூடியவர்களில் ஒருவன் பசியோடு இருந்தான், ஒருவன் குடிவெறியில் இருந்தான். பவுல் கடிந்துகொண்டார், ஆனால் வீட்டிலேயே பந்தியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்றார். நம் ஊர்க் கதை இன்னும் வலிக்கும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை பீடம் ஒன்று, ஜனம் இரண்டு. சுவரின் இரு பக்கமும் உருகி ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் பாடகர் குழுவில் ஒருவரோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் கால் முறிந்து கிடந்தபோது, போதகர் கேட்டுக்கொண்டதால், மூன்று வாரம் அவர் மகளைப் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். முதல் வாரம் முழுக்க மனதில் முணுமுணுப்புதான். மூன்றாவது வாரம் அந்தக் குழந்தை தன் அப்பா ராத்திரி வலியில் அழுததைச் சொன்னது. அன்று வீட்டுக்கு வந்து அவருக்காக ஜெபித்தேன், யாரும் கேட்காமலே. உணர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஆகவே சகோதரி, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வேண்டாம். வாரநாளில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். "நீங்கள் சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது" என்று மட்டும் சொல்லுங்கள். யார் வந்து சொன்னார்கள் என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். அவர் மறுக்கலாம், கோபப்படவும் செய்யலாம். அப்படியானாலும் அடுத்த ஞாயிறு நீங்கள் எதையும் மறைத்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்காது.

போய் வந்தபின் எழுதுங்கள். உங்கள் மகளுக்காக ஜெபிக்கிறேன்.