கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓட்டல் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 29, கணவருக்கு 32. சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம்தான் வேலைக்குத் திரும்பினேன். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 1,14,000 ரூபாய் வருகிறது. வாடகை 22,000, கார் தவணை 11,500, குழந்தையின் டயபர், பால் பவுடர், தடுப்பூசி, டாக்டர் எல்லாம் சேர்த்து 9,000, பகலில் வரும் ஆயாவுக்கு 12,000, மளிகை, பால், கரண்ட் 18,000, பெட்ரோல், போன் 7,000, ஊரில் என் பெற்றோருக்கு 8,000, சீட்டு 10,000. மீதி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. வங்கியில் 1.5 லட்சம் வைப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி.

கல்யாணமானதிலிருந்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல ஓட்டலுக்குப் போய் இரண்டு மணி நேரம் நிதானமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுவது எங்கள் வழக்கம். இப்போதும் போகிறோம். ஒருவர் சாப்பிட, மற்றவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடக்கிறோம். 1,800 ரூபாய் பில் கட்டிவிட்டு எரிச்சலோடு திரும்புகிறோம். கூட இருக்கும் மாமியார், "அந்தக் காசைப் பிள்ளை பேரில் போட்டு வைக்கலாமே" என்கிறார். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று மாத வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் வரி வரியாகப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். பணம் கசிவது ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் அல்ல.

நீங்கள் சொன்ன செலவுகளைக் கூட்டினால் 97,500. கையில் நிற்க வேண்டியது 16,500. ஓட்டலுக்குப் போவது அதில் 3,600தான். போன மாதம் உணவு ஆப்பில் 22 ஆர்டர், மொத்தம் 8,580 ரூபாய். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல். ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: இரவு 10.40, இரண்டு பரோட்டா, ஒரு சிக்கன் சால்னா. சாப்பாட்டின் விலை 260, நீங்கள் கட்டியது 347. பேக்கிங், டெலிவரி, ஆப்புக்கான கட்டணம், வரி என்று 87 ரூபாய் ஏறியிருக்கிறது. பல கடைகளில் ஆப்பில் போடும் விலையே நேரில் விற்கும் விலையைவிடக் கூடுதல் என்பது தனி. குழந்தை தூங்கிய பிறகு, சமைக்கத் தெம்பில்லாமல், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட சாப்பாடு அது. அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாமியார் கண்ணில் படுவது ஞாயிற்றுக்கிழமை பில். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போவது இந்த வழியில்.

அடுத்தது கார்டு. 38,000 பாக்கிக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறீர்கள். உங்கள் பில்லில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. ஒரு மாத வட்டி 1,330, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 239. ஏறக்குறைய 1,570 ரூபாய் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போகிறது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் எதற்கும் அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. இன்றிரவு கார்டில் ஆர்டர் செய்யும் பரோட்டாவுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். ஒரு பக்கம் ஆறேழு சதவீத வட்டிக்கு வைப்பில் பணத்தைப் போட்டுவிட்டு, மறுபக்கம் 42 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே வைப்பிலிருந்து 38,000 எடுத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வங்கி வட்டியில் கொஞ்சம் பிடிக்கும், பிடிக்கட்டும். அப்புறம் ஆப்பிலிருந்து கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள்.

இனி 16,500-ஐ இப்படிப் பிரிக்கலாம். உணவு ஆப்புக்கு 3,000. வாரம் இரண்டு ஆர்டருக்குப் போதும். குழந்தை ராத்திரி முழுக்க அழுத நாளில் அது இல்லாமல் முடியாது என்பதால் பூஜ்யமாக்கச் சொல்லவில்லை. ஆபத்துக்கால நிதிக்கு மாதம் 4,500 தொடர் வைப்பு. மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டம், இப்போதைக்கு 1,000. இருவருக்கும் டேர்ம் இன்ஷூரன்ஸ் (பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), இரண்டுக்கும் சேர்த்து 2,000 வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சம்பளத்திலும் வீடு ஓடுவதால் கணவருக்கு மட்டும் எடுத்தால் போதாது. அலுவலக மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா என்று நாளைக்கே கேளுங்கள், பல இடங்களில் பிறந்த குறிப்பிட்ட நாள்களுக்குள் சேர்க்க வேண்டும் என்று விதி உண்டு. வேலை மாறினாலும் கூடவே இருக்கும் சொந்தக் குடும்ப பாலிசிக்கு 2,000. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பிரீமியம் முன்பைவிடக் கொஞ்சம் லேசு. மிச்சத்தில் ஓட்டலுக்கு 3,500. இவ்வளவும் போக 500 நிற்கும்.

அதாவது, இன்று ஓட்டலில் நீங்கள் செலவழிக்கும் தொகையை ஏறக்குறைய அப்படியேதான் எழுதியிருக்கிறேன். தொகை தப்பில்லை. அதை வைத்து வாங்குகிற பொருள்தான் தப்பு. நீங்கள் தேடுவது நிதானம், காசு கொடுப்பதோ ஏ.சி. ஹாலுக்கும் பட்டர் சிக்கனுக்கும்.

ஒரு தடவைக்கு 1,750 என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மதியம், வீட்டுக்குப் பக்கத்திலேயே. சாப்பாடு 1,200, ஜி.எஸ்.டி. 60, டிப்ஸ் 60, ஆட்டோ 130. மீதி 300 ஆயாவுக்கு. இந்த 300 ரூபாய்தான் பட்டியலிலேயே முக்கியமான செலவு. மாமியாருக்கு முழங்கால் வலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். ஆயா இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால் அவர் மேற்பார்வை பார்த்தால் போதும். சாப்பாட்டில் 300 ரூபாயைக் குறைத்து அதை ஆயாவுக்குக் கொடுத்தால், அதே பில்லுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், சூடாகச் சாப்பிடலாம். திரும்பும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இந்த 1,200-க்குள்ளேயே வரட்டும்.

நேரத்தை மாற்றுவதற்குக் காசே வேண்டாம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எந்த நல்ல ஓட்டலிலும் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். குழந்தை சிணுங்காவிட்டாலும் அங்கே நிதானம் கிடையாது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குக் கடை திறந்ததும் உள்ளே போய்விட்டால், ஒரு மணிக் கூட்டம் வருவதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்திருக்கும்.

குழந்தையோடு போவதென்றால் என் ஓட்டு காலை டிபனுக்குத்தான். ஏழு மாதக் குழந்தை விடிகாலையில் எழுந்து, பால் குடித்து, நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் அது. ஏழேகால் மணிக்கு ஒரு சைவ ஓட்டலில் இட்லி, பொங்கல், வடை, இரண்டாவது காபி எல்லாம் சேர்த்து இருவருக்கு 400 ரூபாய் ஆகும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெரிய ஹால் இருக்கும் இடமாகப் பாருங்கள். மயிலாப்பூர் ராயர் கஃபே மாதிரி இடங்களில் காத்திருந்து சாப்பிடுவது சுகம்தான், ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சுகத்தைத் தேட வேண்டாம். மாடியில் இருக்கும், லிப்ட் இல்லாத கடைகளையும் தவிர்த்துவிடுங்கள். மூலை மேசையைக் கேட்டு வாங்குங்கள், ஏ.சி. காற்று நேராக அடிக்காத பக்கமாக.

பஃபேக்கு இந்த ஒரு வருடம் போகாதீர்கள். தலைக்கு ஆயிரம் ரூபாய் கட்டி உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் குழந்தை வீறிட்டால், மொத்தப் பணமும் போச்சு. தனித்தனியாக ஆர்டர் செய்தால் மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முன்பணம் கட்டி வாங்கும் சலுகைக் கூப்பன்களும் அப்படித்தான். திருப்பித் தராத கூப்பனை 30 சதவீதம் தள்ளுபடி என்று வாங்கிவிட்டு, அன்று காலை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தள்ளுபடி நூறு சதவீத நஷ்டமாகிவிடும். சாப்பிட்ட பிறகு பில்லை ஆப் வழியாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பில்லைக் கட்டுமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18. கல்யாண நாளுக்கு அப்படி ஓரிடத்தில் 3,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி மட்டும் 540, வெளியே அதே தொகைக்கு 150. வருடத்துக்கு ஒரு முறை என்றால் தெரிந்தே போகலாம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது அரசு வரி இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அந்தக் காசைப் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி.

இனி மாமியார் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் கணக்குப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் 3,500-ஐ செல்வமகள் திட்டத்தில் 15 வருடம் கட்டினால், இப்போதைய 8.2 சதவீத வட்டி கடைசி வரை நீடித்தால், 21-வது வருடம் சுமார் 19 லட்சம் கிடைக்கும். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிப்பதால் அது ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆனால் நீங்கள் 15 வருடத்துக்கு இப்படிச் செலவழிக்கக் கேட்கவில்லை. ஆயாவுக்குக் கொடுத்து நேரம் வாங்க வேண்டிய காலம் மகளுக்கு இரண்டு வயதாகும் வரை, இன்னும் சுமார் ஒன்றரை வருடம். 18 மாதத்துக்கு 63,000 ரூபாய். அதை மகள் பெயரில் போட்டிருந்தால் அவளுடைய 21 வயதில் சுமார் 3 லட்சம் ஆகியிருக்கும். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்து சம்பள உயர்வில் 700 ரூபாயைக் கூடுதலாக அந்தக் கணக்கில் கட்டினாலே அந்த 3 லட்சம் ஏறக்குறைய ஈடாகிவிடும். இந்த ஒன்றரை வருடத்தை அப்படி எதைக் கட்டியும் பின்னால் வாங்க முடியாது. தூக்கமில்லாமல், ஆளுக்கொரு வேளையில் சாப்பிட்டு, குழந்தையின் மலச்சிக்கலைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போகும் வீடுகளை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன். அந்த வீடுகளில் செலவுக் கணக்கும் சேர்ந்தேதான் கலைகிறது, ஏனென்றால் இருவரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பாடு வந்து சேரும் முன்னால், அந்த மாதக் கணக்கை இருவரும் போனில் ஒரு தடவை பாருங்கள். பத்து நிமிடம் போதும். மாமியாரையும் ஒரு நாள் டிபனுக்கு அழைத்துப் போய் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 8,580 என்ற எண்ணைப் பார்த்தால் அவரே உங்கள் பக்கம் பேசுவார்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 20 மாதச் சீட்டில் இன்னும் 11 மாதம் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். நடத்துபவர் 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரப்பட்டு ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுக்காமல் கடைசி வரை விட்டால் இரண்டு லட்சத்துக்கு ஒட்டி வரும். உங்கள் அத்தியாவசியச் செலவு மாதம் 87,500, மூன்று மாதத்துக்கு 2,62,500. வைப்பில் மிஞ்சும் 1,12,000-உம் தொடர் வைப்பும் இந்தச் சீட்டுப் பணமும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அந்த மாதத்திலிருந்து கையில் நிற்கும் 10,000-இல் பாதியைச் செல்வமகளுக்கு மாற்றுங்கள், மீதியை ஆறு மாதச் செலவு சேரும் வரை தொடர் வைப்பிலேயே போட்டு வாருங்கள். 3,500-ஐ அப்போதும் தொட வேண்டியிருக்காது.