மனசு மறுக்காத வாக்கியம்

குரூப் 4 தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். ஒரு மாதமாகக் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளர்" என்று இருபது தடவை சொல்கிறேன். முடிக்கும்போது அழுகைதான் வருகிறது. – வாசகி, செல்லூர்

உங்களிடம் குறை இல்லைம்மா, அந்த வாக்கியம் உங்களுக்குச் சேரவில்லை, அவ்வளவுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் இதைச் சோதித்துப் பார்த்து 2009இல் எழுதினார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மணி அடிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவள்" என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். தன்மேல் ஏற்கெனவே மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, தன்னை மட்டமாக நினைப்பவர்களுக்கோ மனசு இன்னும் சோர்ந்துபோனது. வாய் "வெற்றியாளர்" என்றதுமே உள்ளே ஒரு குரல் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எடுத்துப் போட்டு வாதாட ஆரம்பித்துவிடுகிறது, அந்த வழக்கில் தினமும் காலையில் நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் மனசு மறுக்க முடியாததாகச் சொல்லுங்கள். "நேற்று கரண்ட் போனபோதும் மொபைல் வெளிச்சத்தில் பத்துக் கணக்குப் போட்டேன்." "பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்." அன்றன்று நடந்ததை ராத்திரி ஒரு நோட்டில் எழுதி, காலையில் நிதானமாக மூச்சை விட்டபடி அதையே வாசியுங்கள். கண்ணாடி வேண்டாம்.

மாட்டுத்தாவணியில் பூக் கட்டுகிறேன். மூச்சுப் பயிற்சிக்கு உட்கார எங்கே நேரம்? – ஐம்பது வயது வாசகி

உட்காரவே வேண்டாம் அக்கா, உங்கள் கையிலேயே கணக்கு இருக்கிறது. மொட்டுகளை எதிரெதிராக வைத்து நாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுகிறீர்கள் இல்லையா, நாலு முடிச்சு விழும்வரை மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள், அடுத்த ஆறு முடிச்சுக்கு மெதுவாக வெளியே விடுங்கள். கை வேகமானால் முடிச்சைக் கூட்டிக்கொள்ளலாம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு சற்று நிதானப்படுகிறது, நீளமாக விட விட உடம்பும் படபடப்பிலிருந்து இறங்குகிறது. ஒரு முழம் கட்டி முடிக்கும்வரை செய்தாலே போதும். வியாபாரி பூவைக் கையில் எடுத்துப் பார்த்து "நெருக்கம் பத்தாது" என்று முகம் சுளிக்கிற நேரத்தில் இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆழமாக மூச்சு விட்டால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. – கல்லூரி மாணவர், திருமங்கலம்

வேகமாக இழுக்கிறீர்கள் தம்பி. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்குக் கீழே இறங்கினால் இப்படித்தான் ஆகும். மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும், நெஞ்சு விடைக்க இழுக்க வேண்டாம். சுற்றினால் விட்டுவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏழாவது வரனும் "பொண்ணு கலர் கம்மி" என்று போய்விட்டது. "நான் அழகு" என்று சொல்லிப் பார்க்கவா? – வாசகி, வாடிப்பட்டி

படித்ததும் மனசு கனத்துவிட்டது. அழகை நிரூபிக்கும் வேலையை உங்கள் தலையில் யாரும் கட்ட வேண்டாம், நீங்களும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மனசு கொந்தளிக்கும் நேரத்தில் "நான்" என்பதை விட்டுவிட்டு, தோழியிடம் பேசுவதுபோல உங்கள் பெயரைச் சொல்லி உங்களோடு பேசிப் பாருங்கள். ஈதன் க்ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், இப்படிப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்களுக்கு மேடைப் பதற்றம் குறைந்திருந்தது. காபித் தட்டோடு வெளியே வரும்முன் அடுப்படியில் நின்று மூன்று நீள மூச்சு, அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லி, "வந்திருப்பவர்களை நீயும்தான் பார்க்கப் போகிறாய்." இது பொய்யில்லை, அதனால் மனசு எதிர்த்துப் பேசாது. இன்னொன்று, தரகரிடம் "கொஞ்சம் கலர் கம்மிதான்" என்று வீட்டிலேயே முந்திக்கொண்டு சொல்கிறார்கள் என்றால், அதை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கணவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அஃபர்மேஷன் (தனக்குத்தானே நல்ல வாக்கியம் சொல்லிக்கொள்வது), மூச்சுப் பயிற்சி போதும் என்று நிறுத்தப் பார்க்கிறார். – வாசகி, மேலூர்

நிறுத்த விடாதீர்கள். இவை மாத்திரையோடு சேர்ந்து உதவலாம், மாத்திரைக்குப் பதிலாகாது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம், உடம்பும் படுத்தும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "வாழ்ந்து என்ன ஆகப்போகுது" என்பதுபோல அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாமல், உடனே 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய், மாத்திரையால் அவருக்கு என்ன தொந்தரவு என்று அங்கேயே அவரைச் சொல்லவையுங்கள்.