வட ஒன்ராறியோவின் சிறு ஊரில் கோடை வேலை: எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து கப்பஸ்கேசிங்குக்குக் குடிபெயர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மகனுக்கு 16 வயது, கிரேட் 11. மகள் தண்டர் பேயில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு, சூழலியல் படிக்கிறாள். அக்காவின் மகன் ஸ்டடி பெர்மிட்டில் வந்து டிம்மின்ஸில் கல்லூரியில் படிக்கிறான். போன வருடம் மே கடைசியில் தேடத் தொடங்கினோம், மூவருக்கும் ஒன்றும் அமையவில்லை. இந்தச் சின்ன ஊர்களில் மாணவர்களுக்கு வேலை இருக்கிறதா? பேசாமல் ரொறன்ரோவுக்கே அனுப்பிவிடலாமா?

பதில்: வேலை இருக்கிறது. மே கடைசியில் தேடியதுதான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது. வடக்கில் நல்ல கோடை வேலைகள் பனி கரைவதற்கு முன்பே பேசி முடிந்துவிடும். பிள்ளைகள் மூவருக்கும் வயதும் குடிவரவு நிலையும் வேறு வேறு என்பதால் போக வேண்டிய கதவுகளும் வேறு.

முதலில் மகன். அவனுக்கு மிகவும் பொருந்துவது மத்திய அரசின் கனடா சம்மர் ஜாப்ஸ் திட்டம். 15 முதல் 30 வயது வரை உள்ள குடிமக்கள், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) உள்ளவர்கள், அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்கள் இதில் சேரலாம். வேலை முழுநேரம், வாரம் 30 முதல் 40 மணி. பள்ளி ஜூன் இறுதியில் முடிவதால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்குள் எட்டு வாரம் சரியாக அடங்கும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: பணத்துக்கு விண்ணப்பிப்பது மாணவர் அல்ல, வேலை கொடுப்பவர். அதுவும் முந்தைய குளிர்காலத்தில், பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். லாப நோக்கற்ற அமைப்புக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை முழுவதுமாக அரசே தரலாம். 50 அல்லது அதற்குக் குறைவான முழுநேர ஊழியர் உள்ள தனியார் கடைக்குப் பாதி வரை கிடைக்கலாம். ஏப்ரல் வாக்கில் இந்த வேலைகள் மத்திய அரசின் ஜாப் பேங்க் வேலைத் தளத்தில் வரும்.

ஆகவே தேடல் செப்டம்பரில் தொடங்க வேண்டும். ஊர் அருங்காட்சியகம், முதியோர் கழகம், குழந்தைகள் பராமரிப்பு நிலையம், தேவாலயம், சிறு கடை என்று மகன் நேரில் போய், “அடுத்த கோடைக்கு விண்ணப்பிக்கிறீர்களா?” என்று கேட்கட்டும். சிறு ஊரில் இத்தகைய அமைப்புகளைத் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். படிவம் நிரப்ப ஆள் இல்லாமலே பல இடங்களில் வாய்ப்பு நழுவிப்போகிறது. நிரப்ப உதவுகிறேன் என்று சொல்லும் பிள்ளையை அவர்கள் மறக்க மாட்டார்கள். வேலை உறுதி என்று இதற்குப் பொருள் இல்லை, ஆளை முறைப்படிதான் எடுப்பார்கள். ஆனாலும் முகம் தெரிந்த ஊரில் இது பெரிய பலம்.

நகராட்சி வேலைகளுக்கு (பூங்கா, புல்வெட்டு, பகல் முகாம்) ஜனவரியிலிருந்தே அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் நெடுஞ்சாலை 11 வழியே உள்ள பல ஊர்களில் பிரெஞ்சு அன்றாட மொழி. மகன் பள்ளியில் கற்ற பிரெஞ்சு அரைகுறையாக இருந்தாலும் ரெசுமேயில் எழுதட்டும். நீச்சல் தெரிந்தவன் என்றால் உயிர்காப்பாளர் வேலை இருக்கிறது, வடக்கில் இதற்கு ஆள் கிடைப்பது கடினம். பிரோன்ஸ் மெடாலியன், பிரோன்ஸ் கிராஸ், பிறகு நேஷனல் லைஃப்கார்ட் என்ற சான்றிதழ்களைப் படிப்படியாக முடிக்க வேண்டும். கடைசிப் படிக்கு வயது 15, முதலுதவிச் சான்றிதழும் தேவை. இந்த வகுப்புகள் சிறு ஊரில் அடிக்கடி நடக்காது, எனவே இலையுதிர் காலத்திலேயே பெயர் கொடுங்கள்.

போக்குவரத்தை மறந்துவிடாதீர்கள். 16 வயதில் ஜி1 (பழகுநர் உரிமம்) எடுத்தாலும் தனியாகக் காரோட்ட முடியாது. தனியாக ஓட்ட அனுமதிக்கும் ஜி2 தேர்வுக்கு 12 மாதம், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி முடித்தால் 8 மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கோடைக்கு சைக்கிளில் போகக்கூடிய வேலையைத்தான் பார்க்க வேண்டும். சட்டப்படி மரம் வெட்டும் களத்துக்கு 16 வயதும், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். இதற்கு விலக்கு வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சம்பளம்: 2025 அக்டோபர் 1 முதல் ஒன்ராறியோவில் பொதுக் குறைந்தபட்சம் மணிக்கு 17.60 டாலர். 18 வயதுக்குட்பட்ட மாணவருக்கு விடுமுறைக் காலத்தில் 16.60. இதற்கு மேல் 4 சதவீத விடுமுறைப் பணமும் வர வேண்டும். சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

மகளுக்கு வடக்குதான் சரியான இடம், ரொறன்ரோ அல்ல. ஏப்ரலில் பருவம் முடிவதால் மே முதல் நான்கு மாதம் கையில் இருக்கிறது. ஒன்ராறியோ பார்க்ஸ் (டிம்மின்ஸ் அருகே கெட்டில் லேக்ஸ், வாவா அருகே லேக் சுப்பீரியர்), மாகாண இயற்கை வள அமைச்சு, காட்டு நிறுவனங்களின் மீள்வளர்ச்சிக் கணக்கெடுப்பு எல்லாம் அவள் படிப்போடு ஒட்டியவை. ஒன்ராறியோ புவியியல் அளவாய்வுத் துறையும் கோடையில் மாணவர்களைக் களத்துக்கு எடுக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் புவி அறிவியல் படிப்பவர்களுக்கானது. எல்லாவற்றுக்கும் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். காட்டுத்தீ அணியில் சேர 18 வயது, உடற்தகுதித் தேர்வு, எஸ்.பி.-100 என்ற தீயணைப்புப் பயிற்சி ஆகியவை வேண்டும். தீப் பருவம் ஏப்ரல் 1இலேயே தொடங்குகிறது.

மரம் நடும் வேலையைப் பற்றித் தோழிகள் சொல்லியிருப்பார்கள். அதில் பணம் உண்டு, ஆனால் கணக்குப் பார்த்துப் போக வேண்டும். ஒரு கன்றுக்கு 12 சதம் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரக் குறைந்தபட்சச் சம்பளமான 140.80 டாலரைத் தொடவே 1,170க்கு மேல் நட வேண்டும். முதல் வாரத்தில் பலருக்கு இது வராது. அந்தக் குறையைக் குறைந்தபட்சம் வரை நிரப்புவது முதலாளியின் கடமை, அதைக் கேட்டு வாங்க வேண்டும். வேர் நேராக இறங்காமல் ஜே போல வளைந்தாலோ, இடைவெளி தவறினாலோ சோதகர் அந்தத் துண்டைத் திரும்ப நடச் சொல்வார். ஆரம்பத்தில் வேகத்தை விட சரியாக நடுவது லாபம். கூடாரம், மழை உடை, மண்வெட்டி, பைகள், பாதுகாப்பு பூட்ஸ் எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. முகாமில் சாப்பாட்டுக்கு நாள்கூலியிலிருந்து பிடிப்பதும் உண்டு. மே, ஜூனில் கறுப்பு ஈயும் கொசுவும் கடுமையாக இருக்கும், வெளிர் நிற முழுக்கைச் சட்டையும் தலைவலையும் இல்லாமல் போகவே கூடாது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இந்த வேலை சரிவராது. பள்ளி முடிவதற்குள் பருவத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அக்காவின் மகனுக்குக் கனடா சம்மர் ஜாப்ஸ் கிடையாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பருவ நாள்களில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் என்ற உச்சவரம்பு உண்டு. கல்லூரியின் நாள்காட்டியில் உள்ள விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம், ஆனால் விடுமுறைக்கு முன்னும் பின்னும் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும். அவன் படிக்கும் பிரிவில் கோடையும் ஒரு பருவமாக நடந்தால் அது விடுமுறை ஆகாது. எனவே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் உறுதி வாங்கி வைக்கட்டும்.

அவனுக்கு ஏற்றவை ஹோட்டல், உணவகம், மீன்பிடி லாட்ஜ்கள். லாட்ஜ்கள் மே நடுப்பகுதியில் மீன் பருவம் திறப்பதற்கு முன் ஆள் எடுப்பதால், மார்ச்சிலேயே எழுத வேண்டும். படகு ஓட்ட மோட்டார் படகு அட்டையும், மது பரிமாற ஸ்மார்ட் சர்வ் சான்றிதழும் தேவை. மது பரிமாற 18 வயது போதும். தங்குமிடம் தருகிறோம் என்றால் அறை தனியா, பகிர்வா, எவ்வளவு பிடிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் தனி அறைக்கு வாரம் 31.70 டாலர், பகிர்ந்த அறைக்கு 15.85, சாப்பாட்டுக்கு 53.55 வரைதான் சேர்க்கலாம். தங்குமிடமும் உணவும் பெறும் பருவகால ஊழியருக்கு, 44 மணிக்குப் பதில் 50 மணி கடந்த பிறகே மேலதிக நேரச் சம்பளம் தொடங்கும். ஊர் திரும்ப விமானம் அல்லது படகு வேண்டிய இடமானால், இடையில் வேலையை விட்டால் பயணச் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும்.

மூவருக்கும் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்) கையில் இருக்க வேண்டும். முதல் நாள் தரும் டி.டி.1 வரிப் படிவத்தில், ஆண்டு வருமானம் அடிப்படை விலக்குக்குள் இருக்கும் என்றால் அதற்கான கட்டத்தைக் குறியுங்கள், வரி பிடிக்க மாட்டார்கள். வடக்கு வதிவாளர் வரிக் கழிவைப் பற்றி யாராவது சொல்வார்கள். குறிப்பிட்ட வலயத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது வசித்தவருக்கே அது கிடைக்கும், கோடைக்கு மட்டும் லாட்ஜில் தங்குபவருக்குப் பொருந்தாது.